தம் மூடியில் காயவைத்த கேப்பு

செங்கல்பட்டு
12-11-54, வெள்ளி இரவு

அன்பு மகன் பஷீருதீனுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். ஊர் அடங்கிய இந்நேரத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள், கையெழுத்து கோணினால் தூக்கம் என்று வைத்துக்கொள். அத்தா, நான், தங்கை சுராயா மூவரும் அல்லாஹ் கிருபையில் சௌக்கியம், வாணியம்பாடி விடுதியில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க துஆ செய்கிறேன். சுராயாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது, உன்னிடம் காட்ட வேண்டுமாம், பத்திரப்படுத்தியிருக்கிறாள்.

இன்று ஜும்மா முடிந்து உன் சாச்சா அப்துல் கையூம் மாமல்லபுரம் கடையிலிருந்து வந்தார், தீபாவளிக்கு விற்றது போக மிஞ்சின துப்பாக்கிக் கேப்பு ஒரு பை நிறைய. கடல் காற்றில் நமத்துப்போய் ஒன்றும் வெடிக்கவில்லையாம். நான் பிரியாணியைத் தம்மில் விட்டு வெங்காயம் நறுக்கத் திரும்பிய நேரம், மூடிமேல் தணல் போட்டிருப்போமே, அதன் ஓரமாகச் சுருள் சுருளாக அடுக்கிக் காயவைத்துவிட்டார். சற்று நேரத்தில் படபடவென்று வெடித்துத் தணல் நாலாபக்கமும் சிதறியது. சாச்சாவின் மீசை ஒரு பக்கம் பொசுங்கியதோடு போயிற்று. அத்தா ஓடிவந்து, இன்னாடா கையூம், சட்டிக்கு நிக்காஹ் பண்ணிகினு கீறியா என்றார். சாச்சாவோ, அத்த வுடுண்ணே, பிரியாணிக்கு ஒண்ணும் ஆவலியே என்று மூடியைத் திறந்து பார்க்கிறார்.

சிரித்துக்கொண்டேதான் சாப்பிட உட்கார்ந்தோம். அப்போதுதான் சொல்கிறார், இன்னா அண்ணி பெரிசா, பஷீருக்கும் ஒரு டப்பா குடுத்தனுப்பிக்கீறேன், நமத்துப்போனா அரிக்கேன் வெளக்கு மேல வச்சி சூடு காட்டுடான்னு சொல்லிக்கீறேன் என்று. அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கரண்டு போனால் அரிக்கேனை ஒட்டி உட்கார்ந்து படிப்பதாக நீதானே எழுதினாய்.

ஆகவே சாச்சா சொன்னதை மறந்துவிட்டு இதைக் கேள். இரண்டு தாளுக்கு நடுவே கடுகளவு மருந்து, அவ்வளவுதான் கேப்பு. தீக்குச்சி முனையில் ஒரு சரக்கு, பெட்டிப் பக்கத்தில் ஒரு சரக்கு என்று பிரித்துத்தானே வைக்கிறார்கள், அந்த இரண்டும் இதில் ஒன்றாகவே கலந்திருக்கிறது. அதனால் துப்பாக்கிச் சுத்தி ஓர் அடி அடித்தாலே பற்றி, அதன் காற்று தாளைக் கிழித்துக்கொண்டு வெளியேறும்போது சத்தம் வருகிறது. சுத்தி செய்கிற வேலையைச் சூடும் செய்யும். சுருளாக இருந்தால் ஒன்று பற்றியதும் மற்றதும் பற்றும், அது உன் முகத்துக்கு நேரே விளக்குமேல் இருந்தால் என்ன ஆகும், நீயே யோசி. நமத்ததைக் காயவைக்காதே, வாளித் தண்ணீரில் நன்றாக ஊறவிட்டுக் கொட்டிவிடு. நல்லதாக இருப்பதைக் கால்சட்டைப் பையில் கோலியோடும் சாவியோடும் போடாதே, உரசினாலே போதும். மருந்தைச் சுரண்டிச் சேர்ப்பது, கல்லால் குத்துவது, சிநேகிதன் காதருகே சுடுவது எதுவும் கூடாது. வெட்டவெளியில் கையை நீட்டி ஆசைதீரச் சுடு, வார்டன் அனுமதித்தால். நானும் கல்லூரி நாளில் விடுதி மாடியில் சுட்டவள்தான், விளையாடாதே என்று சொல்லமாட்டேன்.

அத்தாவும் சாச்சாவும் துஆ சொல்லச் சொன்னார்கள், சுராயா சலாம் சொல்கிறாள். வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. அல்லாஹ் உன் கண்ணையும் கையையும் காப்பானாக. விளக்குமேல் எதையும் வைக்கவில்லை என்று ஒரு கார்டில் உடனே பதில் போடு.

உன் அம்மா,
பதருன்னிசா