சுருட்டுக்குப் போன முதல் நெருப்பு

விராலிமலை

அன்பு மகள் சத்யபிரியாவுக்கு அம்மா செவந்தி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் சோறு தின்று நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே ஜப்பான் குளிரில் நீயும் சுகமாய் இருக்க மலையில் இருக்கிற முருகன் துணை செய்யட்டும். தினம் வீடியோ காலில் மூஞ்சியைக் காட்டுகிறவளுக்குத் திடீரென்று பேனா பிடிக்கிற ஆசை ஏன் வந்தது என்று யோசிப்பாய். போனில் என்னால் ஒழுங்காகப் பேச முடியாது ஆத்தா. இழவு வீட்டுக்குப் போனால்கூட நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டு வருகிறவள் நான். இந்த விஷயத்தையும் கை கால் வைத்துச் சிரிப்பாகச் சொல்லி முடித்துவிடுவேன், நீயும் சிரித்துவிடுவாய், அது கூடாது. காகிதம் என்னோடு சேர்ந்து சிரிக்காது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, இறங்கிய சந்தோஷத்தில் மைசூர்பாகு வாங்கித் தின்றார். பக்கத்து வீட்டுப் பரிமளா புது ஃபிரிட்ஜ் வாங்கியிருக்கிறாள், யார் போனாலும் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் ரெண்டு கதவையும் திறந்து காட்டுகிறாள், நான் மூன்று தரம் தாகம் என்று போய்விட்டு வந்தேன். நம் மெஸ்ஸில் கூட்டத்துக்குக் குறைவில்லை, கம்பெனிப் பிள்ளைகளும் லாரிக்காரர்களும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். உன் மாமா முத்துராமனுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வேண்டுதல்படி முருகனுக்குச் சுருட்டு படைத்துவிட்டு, பிரசாதச் சுருட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேராக நம் வீட்டுக்கு வந்தார். வந்த நாள் எது தெரியுமா, நீ அனுப்பி வைத்த உன் அறிவுச்செல்வன் எங்களைப் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை. இங்கேதான் என் மானம் போக ஆரம்பித்தது.

நீ எத்தனை பக்குவமாகச் சொல்லியிருந்தாய். அம்மா, அவன் டிராகன் பிள்ளை என்று ஊருக்குப் பறைசாற்றாதே, தனியாகப் பார்த்துப் பேசு, என்ன கேலி வேண்டுமானாலும் பண்ணிக்கொள், நெருப்பைப் பற்றி மட்டும் விளையாடாதே என்றாய். நான் கஞ்சி வடித்துக்கொண்டே சரி சரி என்றேன். நான் பரிமளாவிடம் மட்டும்தான் சொன்னேன். பரிமளாவிடம் சொன்னால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும், காலையில் கூடம் நிறைய சொந்தக்காரர்கள். டிராகன் சனத்தை நாம் பார்க்காததா, முதுகில் இறக்கையோடு மணமேல்குடிப் பக்கம் கடற்கரையில் இருக்கிறார்கள், ரேஷன் கடையில் வரிசையில் நிற்கிறார்கள், ஆனால் நம் வீட்டுக்கு மாப்பிள்ளையாக ஒருத்தன் வருகிறான் என்றால் வேடிக்கை பார்க்க ஆள் வராமல் இருக்குமா. அந்தப் பிள்ளை விடியக்காலையில் படகுகளுக்கு மீன் கூட்டம் எங்கே போகிறது என்று பறந்து பார்த்துச் சொல்லிவிட்டு, அதே கையோடு ஒரு பெரிய சீலா மீனைத் தூக்கிக்கொண்டு பறந்து வந்திருக்கிறான். பைபாஸ் பக்கம் இறங்கினவனை மலை மயில்கள் பாம்பு என்று நினைத்தோ என்னவோ துரத்து துரத்து என்று துரத்தியிருக்கின்றன. மீனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான், சட்டையில் இறக்கைக்கென்று தையல்காரர் விட்ட கிழிசலுக்குப் பக்கத்தில் மயில் விட்ட கிழிசல் வேறு. புயலில் பறக்கிற பிள்ளை மயிலுக்குப் பயந்து ஓடி வந்திருக்கு பாருங்க என்று நான் ஆரம்பித்தவள்தான், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதையே நடித்துக் காட்டினேன். அவன் கோபப்படவில்லை, காது நுனி சிவக்கச் சிரித்துக்கொண்டே, அந்தப் பெரிய மயிலுக்கு என்னையப் பாத்ததுமே புடிக்கலங்க அத்தை என்றான். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் மழையில் நின்ற உனக்குக் குடைக்குப் பதில் இறக்கையைப் பிடித்த கதையை உன் அப்பா கேட்டு வாங்கினார். அவன் சொல்லும்போது குரல் அப்படியே குழைந்துவிட்டது. எனக்கு அப்போதே அவனைப் பிடித்துவிட்டது, சத்தியமாய்ச் சொல்கிறேன். பிடித்தவர்களைத்தான் நான் அதிகம் வாரிவிடுவேன், அது என் கேடு.

சாப்பாடு முடிந்ததும் மாமா சுருட்டை எடுத்துத் தீப்பெட்டி கேட்டார். கூடம் முழுக்க என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறது. தீப்பெட்டி எதுக்குண்ணே, ஆறடி தீப்பெட்டி ஒண்ணு மணமேல்குடியிலேருந்து வந்து ஒக்காந்திருக்கே என்றேன். ஒரே சிரிப்பு. பரிமளா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள், எனக்கு மகுடம் வைத்த மாதிரி இருந்தது. அவன் மட்டும் எழுந்து நின்று, அத்தை, நான் இதுவரைக்கும் ஊதுனதில்லைங்க, அது மொத நெருப்பு, நெசமாவே கேக்குறீங்களா என்றான். நீ சொன்னது அந்த நேரம் ஞாபகத்துக்கு வந்தது ப்ரியா. வரவில்லை என்று எழுதினால் பொய். வந்தது, ஆனால் சிரிப்பு பாதியில் நிற்கிறது, அதை முடிக்காமல் விட எனக்கு மனசில்லை. நெசமாத்தான் கேக்குறேன், பொண்ணு வேணுமா வேணாமா என்றேன். அவன் மாமாவின் மேல் பொறி படாமல் கையை மறைத்துப் பிடித்தான், கண்ணை மூடினான், உன் பெயரை வாய்க்குள் சொன்னான், ஊதினான். விரல் நீளம்தான் இருக்கும், நீலமாய், உப்பு வாசத்தோடு ஒரு நெருப்பு. எல்லோரும் கை தட்டினார்கள். மாமா ரெண்டு இழுப்பு இழுத்து இருமிவிட்டு, கொல்லையில் மெஸ்ஸுக்கு அடுக்கி வைத்திருந்த விறகடுப்பில் சுருட்டைப் போட்டுவிட்டார். அவன் சொல்லிக்கொண்டு கிளம்பினான், பஸ்ஸில் போனான். மயிலுக்குப் பயந்து பஸ்ஸாம் என்று அதற்கும் ஒரு சிரிப்பு சிரித்தேன்.

நீ கேட்டதற்கு, நல்லா கவனிச்சாங்க என்று சொல்லியிருப்பான். அவனுடைய அம்மா ஆவுடையாள் சொல்லித்தான் எனக்கு விவரம் தெரியும். அந்த வாரமே மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெஸ்ஸுக்கு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள், கூட்டம் கலைகிறவரை காத்திருந்து பேசினார்கள். அவர்கள் சனத்தில் பிள்ளைக்கு முதல் நெருப்பு ஒரே ஒரு தரம்தான். கல்யாணத்தன்று பெண்டாட்டி பெயரைச் சொல்லி ஊதி, ரெண்டு பேரும் அதில் அடுப்பு மூட்டி உலை வைக்க வேண்டும், அதற்குப் பிறகு வருவதெல்லாம் சும்மா நெருப்பு. அது வேறெங்கோ போய்விட்டால் அந்தப் பெண்ணோடு அவனுக்குக் கல்யாணத்தைப் பெரியவர்கள் நடத்த மாட்டார்களாம். கேட்டது அவளப் பெத்தவங்க, எப்புடி மாட்டேங்கறதுன்னு குடுத்துட்டான், ப்ரியாவுக்குத் தெரிஞ்சா அவங்கம்மாவ வெறுத்துரும், யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டான், நான் சத்தியத்த மீறி வந்திருக்கேன் என்றார்கள். ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது வேடிக்கையாகப் பேசித் தப்பித்திருப்பேன். நான் சிரிப்பு வாங்கின இடத்தில் அந்தப் பிள்ளை உன் கல்யாணத்தைக் கொடுத்திருக்கிறான், கொடுத்துவிட்டு என் மானத்தையும் மூடி வைத்திருக்கிறான்.

அந்தச் சுருட்டு என்னாச்சு என்று அவர்கள் கேட்டபோதுதான் எனக்குக் கொல்லை அடுப்பு ஞாபகத்துக்கு வந்தது. மாமா போட்ட துண்டில் திங்கட்கிழமை காலையில் விறகு தானாகவே பிடித்து எரிந்துகொண்டிருந்தது. தீக்குச்சி மிச்சம் என்று நான் அதிலேயே லாரிக்காரர்களுக்குச் சாம்பார் வைத்தேன் ப்ரியா. உன் கல்யாண நெருப்பில் கத்திரிக்காய் சாம்பார். இரவுக்குத் தணல் மூடிக் காலையில் கிளறிவிடுகிற பழக்கத்தால் அணையாமல் தப்பியது. ஆவுடையாள் கொல்லைக்கு வந்து குனிந்து பார்த்தார்கள், அடியில் இன்னும் நீலம் இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து, இது எம்புள்ள நெருப்புதான் என்றார்கள். இது அணையாம இருந்து, அதுக ரெண்டும் வந்து இதுல ஒலை வச்சா, பெரியவங்க ஒத்துக்கிடுவாங்களான்னு கேட்டுப் பாக்குறேன், ஆனா மொதல்ல ஒங்க மகளுக்கு நீங்களே சொல்லுங்க, நான் சொன்னா மாமியா பேச்சாப் போயிரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இன்னும் பதில் வரவில்லை. வராமலும் போகலாம்.

மெஸ் சமையலைக் கேஸ் அடுப்புக்கு மாற்றிவிட்டேன். கொல்லை அடுப்பில் இப்போது எதுவும் வேகவில்லை, சும்மா எரிகிறது. அப்பா மழைக்குத் தகரம் அடித்துக் கொடுத்தார், இதுவரை என்னோடு சரியாகப் பேசவில்லை, அதுவும் நியாயம்தான். கருவேல விறகு வாங்கி அடுக்கியிருக்கிறேன். அவனுக்கு நான் போன் செய்தால், பரவாயில்ல அத்தை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடுகிறான். அந்த வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீ என்னைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள், முதலில் அவனோடு பேசு, நடந்ததெல்லாம் தெரியும் என்று சொல். என்னை மன்னிக்கச் சொல்லி அவனிடம் தூது போகாதே, அதை நானே மணமேல்குடிக்குப் போய்க் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் ரெண்டு பேரும் வேண்டாம் என்று முடிவு பண்ணினாலும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு, அதுவரை விறகு வைத்துக்கொண்டிருப்பேன். பின்கட்டில் சும்மா எதுக்குக்கா அடுப்பு எரியுது என்று சாப்பிட வருகிறவர்கள் கேட்கிறார்கள், என் வாயிலிருந்து ஏதாவது வரும் என்று சிரிக்கத் தயாராக நிற்கிறார்கள். அது என் மக வீட்டு அடுப்புப்பா, பாத்துக்கிட்டிருக்கேன் என்று மட்டும் சொல்கிறேன். யாரும் சிரிப்பதில்லை.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக் கம்பளித் தொப்பி போட்டுக்கொள். எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் உனக்கு ஒரு குறையும் வராது, முருகன் இருக்கிறான். மறந்துவிடாதே, முதல் போன் எனக்கு இல்லை, அவனுக்கு.

வாயை மூடிக்கொண்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா
செவந்தி