ஒரே வீட்டில் பதினோரு அப்பாக்கள்

உரிமத்துக்குப் பிரேம் போட்டு இன்று காலை வாங்கி வந்தேன். உள்ளே நுழைகிறவர் கண்ணில் படும்படி மாட்ட வேண்டுமாம், அதற்கும் விதி இருக்கிறது. ஆணி அடித்தபோது சுண்ணாம்பு உதிர்ந்து மூக்கில் ஏறியது. நீயும் நானும் இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்து வெள்ளையடித்த நாளின் வாசனை. தும்மிக்கொண்டே அழுதேன். பிள்ளைகள் தும்மலுக்குச் சிரித்தார்கள்.

ஓசூரில் ஒரே கம்பெனியில், ஒரே லைனில் நின்றவர்கள் நாம். உன் கணவரும் என் கணவரும் பட்டாளத்தில். பிள்ளைகளை விட ஓர் இடமில்லாமல் நான் தவித்தபோது நீதான் வேலையை விட்டாய். "எம் பிள்ளையோட ஒம் பிள்ளையும் கெடக்கட்டும் விடுடி" என்றாய். ஒரே வருஷத்தில் அது பதினோரு பிள்ளைகள் ஆனது, எல்லாம் ராணுவத்தார் வீட்டுப் பிள்ளைகள். சானமாவு காட்டிலிருந்து யானை இறங்கி பஸ் நின்றுபோன சாயங்காலங்களில், கடைசித் தாய் வந்து சேரும்வரை நீ கதவைப் பூட்டியதில்லை.

காப்பகத்துக்கு உரிமம் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். நியாயம்தானே என்று நாமும் அலைந்தோம். கட்டடச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் வாங்கிக்கொண்டு கிருஷ்ணகிரி போனோம். அங்கே உரிமம் கொடுக்கும் நாற்காலியில் இருந்தார் அந்த மகானுபாவர். மேசைமேல் தடித்த விதிப்புத்தகம். அதை அவர் திறந்து நாம் பார்த்ததே இல்லை, கையை மட்டும் அதன்மேல் வைத்துக்கொண்டு பேசுவார்.

ஒவ்வொரு பிள்ளையின் விண்ணப்பப் பாரத்திலும் தந்தையின் இருப்பிடத்தைச் சரிபார்க்க வேண்டுமாம். எல்லையில் இருப்பவருக்கு ஏது ஊர்ப்பெயர்? ஓர் எண்ணும் ஏ.பி.ஓ. என்ற மூன்றெழுத்தும்தான் விலாசம். நீ அதைத்தான் எழுதியிருந்தாய்.

"ஏம்மா, இது எந்தத் தாலுக்கா?"

"தாலுக்கா கெடையாதுங்க சார். மிலிட்டரி தபால் விலாசம். ஊர் பேரு வெளிய சொல்ல மாட்டாங்க."

"அப்ப நான் எப்படிம்மா வெரிஃபை பண்றது? அந்த ஊர் வி.ஏ.ஓ.கிட்ட ஒரு சான்று வாங்கிட்டு வாங்க."

"வாங்கியாறேங்க சார். பனிமலை மேல வி.ஏ.ஓ. ஆபீசு என்னைக்குத் தெறக்கும்னு மட்டும் சொல்லுங்க" என்றாய்.

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்காகவே அவர் நம்மை இன்னும் மூன்று முறை நடக்கவிட்டார். நாலாம் முறை குரலைத் தாழ்த்தினார். "பேசாம அப்பா ஓசூர்லதான் இருக்கார்னு எழுதிக் குடுங்க. நான் என்ன வந்து பாக்கவா போறேன்?"

"அவரு இங்க இருந்தா நான் எதுக்குங்க சார் உங்க முன்னாடி வந்து நிக்கறேன்? இல்லாத எடத்துல இருக்கறாருன்னு எழுத மாட்டேன்."

நான் உன் முழங்கையைக் கிள்ளினேன். திரும்பும் பஸ்ஸில், எழுதித் தொலைத்தால் என்ன என்று சண்டையும் போட்டேன். "பொய்ய எழுதுன்னு அவனே சொல்றான். அவன் பாரத்துக்கு என்னடி மரியாதை?" என்றாய்.

உரிமம் இல்லை என்று நோட்டீஸ் வந்தது, காப்பகத்தை மூடினோம். ஒருத்தி பிள்ளையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு ஷிப்டுக்குப் போனாள். அதைப் பாதுகாப்பு என்று எந்த விதி சொல்கிறதோ தெரியவில்லை. மூன்றாம் மாதம் உனக்குக் காய்ச்சல் கண்டது. ஒரே வாரம்.

உன் கணவர் வந்து சேரும்வரை காத்திருந்துதான் உன்னை எடுத்தோம். மயானத்தில் பதிவேடு எழுதியவர் உன் கணவர் விலாசத்தைக் கேட்டார். எண்ணையும் மூன்றெழுத்தையும் சொல்லிவிட்டுச் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். "எந்தத் தாலுக்கான்னு கேக்கலையாண்ணா?" என்றேன். "என்னாத்துக்கும்மா? எந்தம்பியும் அங்கதான இருக்கறான்" என்றார்.

அடுத்த மாதம் நானும் வேலையை விட்டேன். காப்பகத்தை மறுபடி திறக்கப் பாரங்களை எழுதினேன். சோம்பலோ வன்மமோ, பதினோரு அப்பாக்களுக்கும் இந்த வீட்டுக் கதவு எண்ணையே போட்டேன். பதினோரு ஆண்கள் இந்த இரண்டு அறையில் குடியிருக்கிறார்களாம்! மகானுபாவர் படிக்கவே இல்லை. 'சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரையைக் குத்திக்கொண்டே போனார். உன் மகளின் பாரத்தில் மட்டும் கை நின்றது. தாய் என்ற இடத்தில் 'காலமானார்' என்று எழுதியிருந்தேன்.

"இதுக்கு ஆதாரம்?"

பதினோரு பொய்களுக்குக் கேட்காதவர், அந்த ஒரே உண்மைக்கு ஆதாரம் கேட்டார். இறப்புச் சான்றைக் கொடுத்தேன். அதை மட்டும் முன்னும் பின்னும் திருப்பிப் படித்தார். "விலாசத்த மொதல்லயே இப்படி எழுதியிருக்கலாமில்லம்மா" என்று முத்திரை குத்தினார். "ஆமாங்க சார்" என்றேன். அவரை நினைத்தால் இன்றும் காறித் துப்பத் தோன்றுகிறது. அந்த "ஆமாங்க சார்" நினைவுக்கு வரும்போது என்மேலேயே துப்பிக்கொள்ளத் தோன்றுகிறது.

உன் கணவர் போன வாரம் லீவில் வந்திருந்தார். பாரத்தில் அவரை இந்த வீட்டில் குடிவைத்திருப்பதை மறைக்காமல் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். மடியில் தூங்கிய மகளைத் தட்டிக்கொடுத்தார்.

"எழுதுனதுதான் எழுதுனீங்க தங்கச்சி, அவளும் இங்கதான் இருக்கறாள்னு சேத்து எழுதியிருக்கலாமே" என்றார்.

 பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு உட்காரும்போதெல்லாம் அவர் சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.