நெல்லளவு ஆட்டம்

தையல் பெட்டியில் ஊக்கு தேடப்போய், சுற்றிலும் வாய் வெட்டிய அந்தச் சின்ன இரும்பு வட்டம் கையில் தட்டுப்பட்டது. மூர் மார்க்கெட்டில் நீ அதை வாங்கி வந்த அன்று எதற்கென்று கேட்டேன். "தெரியல அண்ணி. பாக்க அழகா இருந்துச்சு" என்றாய். எனக்கு நாத்தனாராக வாய்த்தவள் எப்படிப்பட்டவள் என்று அன்றுதான் புரிந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. தி.நகர் வீட்டிலிருந்து மயிலாப்பூர் கல்லூரிக்கு நீ சைக்கிளில் போக அனுமதி கிடைத்ததே பெரும்பாடு. "ஒரு தடவ விழுந்தாள்னு தெரிஞ்சாப் போதும், மறுநாளே பஸ்ஸுதான்" என்று உன் அப்பா, என் மாமா, கறாராகச் சொல்லியிருந்தார். தினமும் துணிக்கடைக்குக் கிளம்பும்முன் உன் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

நீயோ கட்டுமரம் எப்படிக் கரையேறுகிறது என்று பார்க்க, கல்லூரி விட்டதும் பட்டினப்பாக்கம் போய், மணலில் சறுக்கி, ஒரு மீன்வண்டியில் மோதிவிட்டு வந்தாய். கைச் சிராய்ப்பைத் தாவணியில் மறைத்துவிட்டாய். சக்கரத்தை எங்கே மறைப்பது? பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து, சுற்றுக்கொரு தடவை பிரேக் கட்டையில் சரக்கென்று உரசியது.

தெருமுனைச் சைக்கிள் கடையில் கொடுத்தால் மாமாவுக்குச் சேதி போய்விடும். வேடிக்கை பார்க்கத் தடையில்லையே என்று என்னை இழுத்துக்கொண்டு போனாய். கடைக்காரர் வேறு யாருடைய சக்கரத்தையோ திருகிக்கொண்டிருந்தார். அவர் கையிலும் உன்னுடையதைப் போலவே ஒரு இரும்பு வட்டம்.

"கோட்டம் எடுக்கற சாவிம்மா. ரிம்மு எந்தப் பக்கம் சாயுதோ, அதுக்கு எதிர்சைடு கம்பிய முறுக்கினு வரணும். உனுக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்?"

"சும்மா, தெரிஞ்சுக்கத்தான்" என்றாய். அது முழுப் பொய்யும் இல்லை.

மொட்டைமாடியில் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தினோம். துணிக்கடைச் சாக்கட்டியை நான் ரிம்மை ஒட்டிப் பிடித்தேன். நெளிந்த இடத்தில் மட்டும் நீலக்கோடு விழுந்தது. கடைக்காரரைப் போலவே வலப்பக்கமாகத் திருகினாய். ஆட்டம் கூடிவிட்டது. எனக்கு அழுகை முட்டியது, உனக்கோ முகம் மலர்ந்தது. "ஏன் அண்ணி கூடுது?" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாய். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. உன்னை அறையலாமா என்றிருந்தது எனக்கு.

"அவர் சக்கரத்தோட உச்சில திருகினாரு. நாம கவுத்துப் போட்டு, பிரேக்குகிட்ட அடியில திருகுறோம். மேலேருந்து பாக்கிற நமக்கு எல்லாம் தலைகீழ்" என்றாய் கடைசியில். இடப்பக்கமாகத் திருகினோம். அரைச் சுற்று, ஒரு பார்வை, பிறகு அடுத்த கம்பி. இருட்டுவதற்குள் உரசல் நின்றது.

ஆனால் வால்வுக்கு நேர் எதிரே ஒரே இடத்தில், நெல்லளவு ஆட்டம் மட்டும் என்ன திருகியும் போகவில்லை.

மறுநாள் காலை மாமா சக்கரத்தைச் சுற்றினார். நாம் அடுக்களை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சுற்றுக்குச் சுற்று அந்த நெல்லளவு வந்து வந்து போனது. "ம், பாத்துப் போ" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

நீ படித்து முடித்து, வேலைக்குப் போய், பேரன் எடுத்த பிறகும் போனில் கேட்பாய். "அந்த ஆட்டம் ஏன் அண்ணி போகல? அப்பா எப்படிக் கவனிக்காம விட்டாரு?" எனக்கு என்ன தெரியும், போனை வை என்பேன்.

இன்று சாவி கிடைத்த கையோடு, உன் பேரனுக்கென்று இங்கே வாங்கி வைத்திருக்கும் புதுச் சைக்கிளின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். கடையிலிருந்து நேற்றுத்தான் வந்தது, இன்னும் தெருவில்கூட இறங்கவில்லை. வால்வுக்கு நேர் எதிரே அதே நெல்லளவு. விரலால் தடவினேன். ரிம்மை வளைத்து இரண்டு முனைகளையும் சேர்த்த இடம் அது.

ஆக, அந்த ஆட்டம் நீ விழுந்ததால் வந்தது இல்லை. சைக்கிள் வாங்கிய நாளிலிருந்தே இருந்திருக்கிறது. தினமும் பார்த்துப் பழகியவர் மாமா. அதையும் நாம் எடுத்திருந்தால் அன்றைக்கே மாட்டியிருப்போம்.

இதை உன்னிடம் சொல்ல போனை எடுத்து, உன் எண்ணையும் தேடிவிட்டேன். அதன் பிறகுதான், போனை எடுக்க நீ இல்லை என்பது நினைவுக்கு வந்து, எழுத உட்கார்ந்தேன். சாவி என்னிடம்தான் இருக்கிறது. நீ கேட்டுக்கொண்டே இருந்ததற்குப் பதிலும்.