பெயர் ஓடிய இடம்

அடே டான்ஸ் மாஸ்டர்,

இது என் சொந்தக் கையெழுத்து. முதியோர் கல்வி வகுப்பில் ஏழு மாதம் படித்துவிட்டு நானே எழுதும் முதல் கடிதம். அது உன்னைத் திட்டுவதற்குப் பயன்படுவதில் எனக்குப் பரம சந்தோஷம்.

நேற்று மகளின் கைபேசியில் நம் படத்தைப் பார்த்தேன். முப்பத்தெட்டு வருடம் கழித்தும் அந்த மழைப்பாட்டு ஆட்டம் கண்ணைப் பறிக்கிறது. முழங்காலில் சுழன்று எழும் அந்த அடி நான் கண்டுபிடித்தது. ஈரத் தரையில் உனக்கு அதை ஆடிக் காட்டி முட்டியைப் பெயர்த்துக்கொண்டவனும் நான்தான்.

படம் வந்த அன்று கொட்டகையில் என் தொடையைக் கிள்ளி, "எழுந்திருடா, உன் பேரு ஓடுது!" என்றாய். எழுந்து கைதட்டினேன். அப்புறம் பார்த்த இருபது தடவையும் அதே இடத்தில் எழுந்து தட்டினேன்.

நேற்று அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, எழுத்துக்கூட்டிப் படித்தேன். துணிமணி வாடகைக்குக் கொடுத்த கடையின் பெயரடா அது! முதலிலிருந்து கடைசிவரை தேடிவிட்டேன். நடனம் என்று உன் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் நிற்கிறது.

அன்று கூட வந்து படம் பார்த்த, எழுத்துத் தெரிந்த மனைவியிடம் சொன்னேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்யா. உன் மூஞ்சியில இருந்த சிரிப்பப் பார்த்துட்டு, சொல்ல மனசு வரல" என்றாள்.

அவள் என் மேல் உள்ள பிரியத்தால் மறைத்தாள். நீ எதனால் மறைத்தாய்? மழுப்பாமல் பதில் எழுது. படித்துச் சொல்ல எனக்கு இனி ஆள் வேண்டாம்.

இப்போதைக்கு உன் எதிரி