எட்டு இல்லாத எண்

கை துடைக்கும் கிருமிநாசினியின் அந்த வாடை இன்று காலை மறுபடியும் மூக்கில் ஏறியது. மருத்துவமனையின் அதே காத்திருப்புக் கூடம். அன்று உனக்குத் துணையாக வந்தேன். இன்று கூப்பிடப் போவது என் பெயரை. உட்கார்ந்ததும் உன்னைத்தான் நினைத்தேன்.

ஜூரோங் கப்பல் பட்டறை அலுவலகத்தில் நம் மேசைகள் பக்கத்துப் பக்கத்தில். எண்கள் எனக்கு வேலை, உனக்கு விளையாட்டு. மார்பில் கட்டி என்று தெரிந்து, சோதனை முடிவு சொல்லும் நாளில் வீட்டுக்குச் சொல்லாமல் என்னைக் கூட்டிப் போனாய். என் கால்தான் நிற்காமல் ஆடியது. அதைப் பார்த்துவிட்டு, "போனை எடுடி," என்றாய். "ஒண்ணுலேருந்து ஒன்பது வரைக்கும் அடி. எட்டை மட்டும் விட்டுடு."

12345679.

"எல்லா இலக்கத்தையும் கூட்டு."

"முப்பத்தேழு."

"இப்போ அந்த எண்ணை முப்பத்தேழால வகு."

"புள்ளி போட்டு வருதே!"

எட்டிப் பார்த்தாய். பதற்றத்தில் மறுபடி அடித்தபோது எட்டையும் சேர்த்திருந்தேன். நீ சிரித்த சிரிப்பில் கூடமே திரும்பியது. திருத்தி அடித்தேன். மீதியில்லாமல் 333667.

"இந்த ஊர்ச் சீனங்க எட்டு இருந்தாதான் ராசிங்கிறாங்க. எட்டே இல்லாம இது எவ்வளவு அழகா இருக்கு பாரு லா."

"உனக்குப் பயமா இல்லையா?"

"ரொம்பப் பயம். கணக்கு சொல்றப்போ குரல் நடுங்காது, அவ்வளவுதான்."

அப்போதுதான் உன்னைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்ததும் வீட்டுக்குப் போக மறுத்தாய். தேக்கா உணவங்காடியில் வாங்கிய தே தாரிக் தேநீர் குடிக்காமலே ஆறி ஆடை கட்டியது. கடைசியில் நீதான் சொன்னாய்: "அந்த 333667 இருக்குல்ல, அது பகா எண். அதுக்கு மேல உடைக்க முடியாது." தலையாட்டினேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று அதன் பிறகுதான் அழுதாய்.

உன் தோ பாயோ வீட்டில் நீ படுக்கையோடு கிடந்த ஒரு பிற்பகல், மெல்ல, "அந்த எட்டில்லாத எண்ணை எழுபத்திரண்டால பெருக்கு," என்றாய். பெருக்கினேன்.

"எட்டு வந்துச்சா?"

"வந்துச்சு. வரிசையா ஒன்பது எட்டு."

"அழகான எண்ணுன்னு நான் சொன்னேன்ல," என்று கண்ணை மூடிக்கொண்டாய். அதுதான் நாம் சேர்ந்து போட்ட கடைசிக் கணக்கு.

இன்று எனக்கு ஊசி குத்திச் சோதனைக்குச் சதை எடுத்தார்கள். முடிவு அடுத்த வாரம். "ஒண்ணும் இருக்காது," என்கிறார் என் கணவர், ஒரு நாளைக்குப் பத்து முறை. அவர் குரலிலும் நடுக்கம் கேட்கிறது. அவரிடம் கணக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் ஈசூனில் உள்ள வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் 333667-ஐ வகுக்க ஆரம்பித்தேன். உன்னை நம்பாமல் அல்ல. நானே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. ஏழு, பதினொன்று, பதின்மூன்று... ஒவ்வொன்றுக்கும் மீதி வந்தது. நாற்பத்து மூன்று வரை போனேன். அதற்குள் என் நிலையம் வந்துவிட்டது.

நாளைக்கு நாற்பத்தேழு.