ஏழு, எட்டு, ஒன்பதாம் ஓட்டங்களை நீக்கியவர் மீது

அனுப்புநர்:
முன்னாள் அளவீட்டாளர்,
அலைத்தொட்டிச் சோதனைக்கூடம்.

பெறுநர்:
இயக்குநர்,
கப்பல் பாதுகாப்புச் சான்றளிப்புத் துறை.

பொருள்: கப்பல் அலையில் சாயும் அளவு பற்றிய கணினிக் கணிப்பைச் சரிபார்த்ததில் மோசடி – எங்கள் பிரிவுத் தலைவர் மீது நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பயணிகள் கப்பலின் இரண்டு மீட்டர் மாதிரியை எங்கள் தொட்டியில் மிதக்கவிட்டோம். கப்பல் அதிகபட்சம் பதினொரு பாகை சாயும் என்றது கணினி. அது சரியா என்று தண்ணீரிடம் கேட்பது எங்கள் வேலை.

2. முதல் ஆறு சோதனை ஓட்டங்களில் தண்ணீர் ஒத்துக்கொண்டது. ஏழு, எட்டு, ஒன்பதில் அலையைப் பின்பக்கவாட்டிலிருந்து விட்டோம். இருபத்து நான்கு பாகை. மூன்று முறையும்.

3. தலைவர் எட்டிப் பார்த்தார். "தண்ணி அடங்கலம்மா. கம்ப்யூட்டரு எப்பவும் அடக்கமாத்தான் இருக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும். ஓட்டங்களுக்கு நடுவே தண்ணீர் அடங்க இருபது நிமிடம் விடுவது வழக்கம். நான் நாற்பது நிமிடம் விட்டிருந்தேன். பதிவேட்டில் இருக்கிறது. அவர் எழுதிய அறிக்கையில் அந்த மூன்று ஓட்டங்கள் இல்லை. "கணிப்பு பொருந்துகிறது" என்ற வரி இருக்கிறது.

4. அந்தப் பதினொன்றை நம்பித்தான் கப்பலின் அடுப்பில் பாத்திரம் சரியாமல் தடுக்கும் கம்பியின் உயரத்தை முடிவு செய்தார்கள். சென்ற ஆண்டு அங்கே சமையல்காரராகச் சேர்ந்தவர் என் அண்ணன். நான் தடுக்கவில்லை.

5. கடந்த மாதம் பின்பக்கவாட்டு அலை. கப்பலின் கருவி பதிந்தது இருபத்து மூன்று பாகை. கொதித்த அண்டா கம்பியைத் தாண்டியது. அண்ணனின் இரண்டு கைகளும். "அளந்து சொல்றதுதானே உன் வேலை?" என்று கேட்டார். பிறகு என்னிடம் பேசவில்லை.

6. அதே அறிக்கையின் பேரில், அதே வடிவில் கட்டிய இரண்டாம் கப்பலுக்கு அடுத்த வாரம் சான்று தரவிருக்கிறீர்கள். நிறுத்துங்கள். தலைவரின் பதவியைப் பறிப்பது எனக்குப் போதாது. முதல் கப்பலில், அதே கடலில், அதே அடுப்பின் முன் அவரை நிறுத்த உத்தரவிடுங்கள். அண்டா நிறையத் தண்ணீர் கொதிக்கட்டும். பதினொரு பாகைதானே.

7. அறிக்கையின் கீழ் என் கையெழுத்தும் உண்டு. அடுப்பின் முன் அவருக்குப் பக்கத்தில் எனக்கும் இடம் ஒதுக்குங்கள்.

தங்கள் ஆணைக்குக் காத்திருப்பேன். தண்ணீர் அடங்கும்வரை காத்திருந்தவள் நான்.

இணைப்பு: நீக்கப்பட்ட மூன்று ஓட்டங்களின் பதிவுகள்.

இடம்: மருத்துவமனை, தீக்காயப் பிரிவு.
நாள்: விபத்துக்குப் பின் முப்பத்தாறாம் நாள்.

மனுதாரர்: (ஒப்பம்)
பாதிக்கப்பட்டவர்: ஒப்பம் இல்லை. கைகளில் கட்டு.