கறுத்த செடி பூத்தது

1997 நவம்பர், சனிக்கிழமை இரவு

என் எல்டர்பெரிச் செடி பூத்துவிட்டது! இந்த நாட்டில் நவம்பரில்தான் வசந்தம். கரி போலக் கறுத்த இலைகளுக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் இளஞ்சிவப்புப் பூக்கொத்துகள். படுத்தாலும் கண்ணுக்குள் அதுதான் நிற்கிறது.

மருமகனுக்கு அந்தச் செடி தொடக்கத்திலிருந்தே பிடிக்காது. "வாசலிலை கறுப்புச் செடி வீட்டுக்கு ஆகாது மாமி" என்பார். இன்று காலை அதைக் கிண்டி எறிய மண்வெட்டியோடு வந்தேவிட்டார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"தம்பி, பூத்து நிக்கிற செடியிலை கை வைக்கக் கூடாது. பூ உதிரட்டும், பிறகு பாப்பம்."

"உதிர்ந்தாப் பிறகு நீங்கள் வேறை நியாயம் சொல்லுவியள்" என்று சிரித்தார். மண்வெட்டியை மட்டும் கீழே வைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ரோட்டால் போன ஒரு வெள்ளைக்காரி காரை நிறுத்தி இறங்கினாள். செடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மருமகனிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள்.

"என்னவாம் தம்பி?"

"இப்பிடி வடிவான செடியைத் தான் கண்டதில்லையாம். குளிர் காலத்திலை நட ஒரு தடி தருவியளோ எண்டு கேக்கிறா. எங்கடை மாமியின்ரை கைராசி எண்டு சொன்னனான்."

எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

அவள் போனதும் அவர் மண்வெட்டியை உள்ளே வைத்துவிட்டு, தான் வேலைக்குப் போட்டுத் தேய்ந்த பழைய சப்பாத்து ஒன்றைக் கொண்டுவந்து செடியின் கிளையில் கட்டினார்.

"என்ன மாதிரிப் பாத்திட்டுப் போறா! கண்ணூறு பட்டிடும் மாமி."

நான் குனிந்து உதிர்ந்த இலைகளைப் பொறுக்கினேன். நிமிர்ந்தால் சிரித்திருப்பேன்.

அந்தச் சப்பாத்து சரியான பாரம், கிளை வளைந்து தொங்குகிறது. விடிய அவர் எழும்ப முதல் கிளைக்கு ஒரு தடி முண்டு கொடுக்க வேண்டும்.